தட்டைப்பயறுக் கொடி காய்ந்த விதம்

ஆட்டுப்பட்டிக்காரரின் தங்கை கோபமாக இருந்த மூன்று நாளும் அவளைச் சுற்றி அரை ஏக்கருக்கு மழை பெய்யவில்லை. மற்ற இடமெல்லாம் கொட்டித் தீர்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர், இந்தப் பக்கம் கால் வைத்தால் புழுதி. குட்டிகளைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர், வேலியைத் தாண்டியதும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

எல்லாம் தீவனத்தில் ஆரம்பித்தது. பால் மறந்த குட்டிகளுக்கு அந்தப் பட்டியில் எப்போதும் காய்ந்த குதிரைமசால் தீவனக் கட்டுதான். அந்த வருஷம் மசாலில் புழு விழுந்து லாரி வருவது நின்றது. அண்ணன் வெறும் வைக்கோலை அள்ளிப் போட்டார். முப்பத்திரண்டு குட்டிகளும் முதுகெலும்பு துருத்த நின்றன. தட்டைப்பயறு விதைத்துக் கொடியைக் காயவைத்துப் போடலாம், அதுவும் மசால் மாதிரி பயறு வகைதானே என்று தங்கை சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கானது. “ஆடு வளக்க எனக்கே பாடம் எடுக்கிறியா? போய் பட்டியக் கூட்டு.” அவள் கூட்டினாள். கூட்டிவிட்டு, பட்டிக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த அரை ஏக்கரைத் தானே கொத்தி விதைத்தாள். கொடி படர்வதற்குள் ஒன்பது குட்டிகள் செத்தன. ஒன்பதையும் அவளே புதைத்தாள்.

பூத்துப் பிஞ்சு விடும் பதத்தில் அறுத்துப் பரப்பிய மறுநாள் காலை வானம் இருட்டியது. அண்ணன் வேலியோரம் நின்று சிரித்தார். “அழுகட்டும். உன் புத்தி மாதிரியே.” முதல் துளி அவள் தோளுக்கு ஒரு முழம் மேலே வந்து, சற்றுத் தயங்கி, வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. மதியம் ஒரு குட்டி வந்து அவள் சேலை நுனியைச் சப்பியபோது சிரித்துவிட்டாள். கொடிமேல் நாலு துளி சொட்டியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் சிரிக்கவில்லை.

கோபத்துக்கா பஞ்சம்? ஒவ்வொன்றாக எடுத்தாள். அண்ணன் படிக்கட்டும் என்று அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்தியது. அப்பா செத்த மாதம் “சும்மா ஒரு கையெழுத்து” என்று நிலத்தை எழுதி வாங்கியது. கணவன் அடித்து விரட்டியபோது “அனுசரிச்சுப் போ” என்று அதே பேருந்தில் திருப்பி அனுப்பியது. மருத்துவர் யாரிவர் என்று கேட்டதற்கு “வேலைக்காரி” என்று சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள்; கையை மட்டும் பூப்போல வைத்துக் கொடியைப் புரட்டினாள். இலை உதிர்ந்தால் சத்தும் போய்விடும், குச்சிதான் மிஞ்சும்.

மூன்றாம் நாள் அண்ணன் தொப்பலாக நனைந்து சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார். பட்டியில் இன்னும் இரண்டு குட்டிகள் தலை தொங்கிக் கிடந்தன. “தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சிடு” என்றார். அவள் நெஞ்சு இளகியது. உடனே தூறல் விழுந்தது.

“முப்பது வருஷம் வாய் செத்தா போயிருந்துச்சு? இப்பவா வந்து கேக்கறே? கொடி காயறவரைக்கும் நல்லவனாகாதேண்ணே!”

அவர் கொடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு அழுதுகொண்டே, தொண்டை கிழியக் கத்தினார்: “நீ வேலைக்காரிதாண்டி!”

தூறல் நின்றது. பொழுது சாய்வதற்குள் காய்ந்த கொடியைக் கட்டுகளாகக் கட்டிவிட்டார்கள்.

வயிறு ஊதாமலிருக்க முதல் நாள் வைக்கோலில் ஒரு பிடி கலந்தாள், பத்து நாளில் முழுத்தீவனமாக்கினாள். கிடந்த இரண்டில் ஒன்று எழுந்தது, ஒன்று எழவில்லை. இரண்டு மாதம் கழித்து மருத்துவர் எடை போட்டுப் பார்த்து, மசால் தின்ற குட்டிகளுக்கு இவை இம்மியும் குறைவில்லை என்றார். “நாங்கதான் போட்டோம்” என்று அண்ணன் முந்திக்கொண்டார். மறுநாளே தங்கை அவரைப் பத்திர அலுவலகத்துக்கு இழுத்துப்போய் அந்த அரை ஏக்கரைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாள். இனி சமாதானம்தானே என்று அவர் கேட்டார். “நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டே. செத்த பத்துக் குட்டிக்கு எதுல போடுவே?” என்று கேட்டுவிட்டு அவள் நடந்தாள்.

இப்போது சுற்றுவட்டாரத்தில் பலரும் தட்டைப்பயறுதான் போடுகிறார்கள். மழை பிடித்தால் அறுத்த கொடியை வண்டியில் ஏற்றிவந்து அவள் நிலத்தில் பரப்புகிறார்கள். அவளும் தடுப்பதில்லை. அந்த நாட்களில் மட்டும் யாரும் அவளிடம் நலம் விசாரிப்பதில்லை.