ஏழாவது படத்துக்கு வந்த கூட்டம்

எஃபிசியோ, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெஸ்ட்மீட்டில் எனக்குப் பக்கத்து வீடு. இத்தாலியின் சார்டினியாத் தீவுக்காரன். அந்தத் தீவின் பாஷையில் மட்டும் நாற்பது வருடத்தில் ஏழு படம் எடுத்தவன். ஏழிலும் ஆடு உண்டு, மழை உண்டு. கடைசிவரை இருந்து பார்த்தவர்தான் இல்லை. மூன்றாவது படத்தில் பெற்ற தாயே பாதியில் எழும்பிப் போனாள். ஐந்தாவதில் நடித்த ஆட்டை முன்வரிசையில் கட்டி வைத்தார்களாம். அது கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. ஆறாவதில் படம் ஓட்டியவன் மெஷினை ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். இதில் நானாகச் சேர்த்தது ஒன்றுமில்லை, கயிற்றைத் தவிர.

இங்கே தன் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவனிடம் களைப்புத்தான் மிச்சம்.

“ஏழாவதை ஒருதரம் காட்டுவேன். முடியும்போது ஆளில்லை என்றால் எல்லாப் படத்தையும் குப்பைத்தொட்டியில் போடுவேன்” என்றான்.

மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடித் தொட்டியா, வெறும் குப்பைக்கான சிவப்பா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தைக் கேட்டேன். செயலாளர் கௌரிசங்கருக்குச் சந்தேகம்.

“அண்ணை, ஆட்டுப் படத்துக்கு ஆர் வருவினம்?”

“சாப்பாடு இருக்கெண்டு நோட்டீசில போடும். படம் முடியாமல் சட்டி மூடி திறக்கப்படாது.”

“அப்ப ஒருத்தரும் அசையமாட்டினம்.”

நோட்டீசில் ஐந்து மணி என்று போட்டோம். ஐந்து என்றால் எங்கள் ஆட்களுக்கு ஏழு. அதை எஃபிசியோவுக்குச் சொல்ல மறந்ததுதான் நான் விட்ட பிழை. அவன் சரியாக ஐந்துக்கு லைட்டை அணைத்தான். நூற்றிருபது கதிரை, நான், இடியப்பத்துக்குக் காவலாகச் சமையலுக்குப் பொறுப்பான சிவனேஸ்வரி. அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை, பழகியவன். ஆறு மணியளவில் நானும் நித்திரை.

ஏழுக்குக் கதவு திறந்தது. பட்டுச்சேலையும் பிள்ளைகளுமாக வந்துகொண்டே இருந்தார்கள். படத்தில் இன்னும் பத்து நிமிடம். திரையில் ஒரு கிழவி மழையில் நின்று சிரித்தாள், முடிந்தது. லைட் வந்தபோது ஒரு கதிரையும் வெறுமையில்லை. சுவரோரமும் ஆட்கள்.

எஃபிசியோ திரும்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“தொடக்கத்தில் எப்போதும் ஆள் இருக்கும்” என்று என் காதில் சொன்னான். “முடிவில் இருந்ததில்லை.”

சிவனேஸ்வரி கரண்டியோடு எழும்பினாள்.

“பொறுங்கோ அன்ரி” என்றாள், கடைசியாக வந்த நர்ஸ் விமலா. “அந்த மனிசி ஏன் சிரிச்சவ? அதுக்கு முதல் என்ன நடந்தது? ஆராவது அவரிட்டக் கேளுங்கோவன்.”

கேட்டேன். நாற்பது வருடத்தில் அவனிடம் யாரும் கேட்டிராத கேள்வி. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, முதல் ஆட்டிலிருந்து ஆங்கிலத்தில் தொடங்கினான். கதை படத்தைவிட அரை மணித்தியாலம் நீண்டது. ஒருவரும் எழும்பவில்லை.

சிவனேஸ்வரி ஒருவரையும் சட்டி மூடியில் கைவைக்க விடவில்லை. படம் இன்னும் முடியவில்லையாம்.