துவைக்காத ஒன்பதாம் நம்பர்

ஆறடி ஏழங்குலத்தில் ஒரு மனிதன் இருந்தால் உலகம் அவனிடம் இரண்டே வேலைதான் வாங்கும். கூடையில் பந்தைப் போடச் சொல்லும். அது முடிந்துபோனால் மேல்தட்டில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லும். ஒட்டடைக்குச்சி இரண்டையும் பார்த்துவிட்டான். கிளப்பில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடிய ஆறு வருஷத்தில் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. இப்போது ஃபர்னிச்சர் கடையில் பீரோக்களுக்கு மேலே தூசி தட்டுகிறான். பெயர் வைத்தவர்களுக்குத் தீர்க்கதரிசனம்.

அந்தத் தூசியிலிருந்து தப்பிக்க ஒரு வழி போனில் வந்தது. பதினாலு வருஷம் கழித்து கிளப் மேனேஜர் கூப்பிட்டார்.

"குச்சி, கிளப்புக்கு ஐம்பதாவது வருஷம். வாசல்ல கண்ணாடிப் பெட்டி வைக்கிறோம். கோப்பை ஜெயிச்சப்போ நீ போட்ட ஒன்பதாம் நம்பர் ஜெர்சி வேணும். துவைக்கலையே?"

"துவைக்கல சார்."

"அதான் வேணும். ஜூனியர் டீமுக்கு உதவிக் கோச் வேலை காலியா இருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன். ஜெர்சியைக் குடு, ஆர்டரை வாங்கிக்க."

கிளப்பில் அப்படி ஒரு வழக்கம். ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை ஜெர்சியில் தண்ணீர் படக்கூடாது. அந்த வருஷம் வரிசையாகப் பதின்மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். எட்டாவது ஆட்டத்துக்கு மேல் எதிரணிக்காரர்கள் யாரும் கிட்டே வந்து தடுக்கவேயில்லை. பத்திரிகைகள் அதை வியூகம் என்று எழுதின.

கடைசி மூன்று ஆட்டத்தில் குச்சியின் வலது முட்டி மரத்துப்போக ஊசி போட்டு இறக்கினார்கள். கோப்பை வந்தது, முட்டி போனது, அடுத்த வருஷம் அணியில் இடமில்லை. தோற்காமலேயே வெளியே வந்துவிட்டதால், விதிப்படி அவனுடைய வெற்றித் தொடர் இன்னும் முடியவில்லை. ஆகவே ஜெர்சி மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள், பீரோவின் மேல், அவனுக்கு மட்டும் எட்டும் இடத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பூ வாசனை அடித்தது.

"ஸ்டூல் போட்டு ஏறிட்டேன்," என்றாள் மனைவி பெருமையாக. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ரூம்ல எலி செத்துக் கிடக்குன்னு தேடறேன். எலி இல்லைங்க, உங்க பனியன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவளும் உட்கார்ந்தாள். "மறுபடியும் போட்டுக்கிட்டு ஓடி வேர்க்க வையுங்களேன்."

போட்டுக்கொண்டான். அது தொப்பையின் பாதியில் நின்றது. மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கியதில் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியது. வேர்வை வந்தது, அதிலும் பூ வாசனைதான் அடித்தது.

கை கொடுத்தவன் மச்சினன். தினமும் ஜிம்முக்குப் போகிறவன். சாக்ஸை மட்டும் மாதம் ஒருமுறை மாற்றுகிறவன்.

"மாமா, நான் இருக்கறப்போ நாத்தத்துக்கா பஞ்சம்?"

அவனுடைய நாலு ஜோடி சாக்ஸ், தரை துடைத்த துணி பிழிந்த தண்ணீர் ஒரு கிண்ணம், நடுவில் ஒன்பதாம் நம்பர். எல்லாவற்றையும் பையில் கட்டி மொட்டை மாடி வெயிலில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைப் பிரித்த மனைவி, நேராகக் குளிக்கப் போனாள்.

மேனேஜர் வந்தார். ஜெர்சியை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை அதில் புதைத்து, கண்ணை மூடி இழுத்தார்.

"அப்பப்பா! இதுதான்யா ஃபைனல். அன்னிக்கு அடிச்ச அதே வாசனை!" அவர் கண் கலங்கியிருந்தது. மச்சினன் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

கவர் கைமாறியது. உள்ளே ஆர்டர். குச்சி அதை இரண்டு தடவை படித்தான்.

"சார், பசங்களுக்கு எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்? பாஸிங்கா?"

"அதெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்குப்பா. நீ ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். இப்ப இருக்கறதுங்க ஊசின்னா, வீட்ல கேட்டுட்டு வர்றேங்குது. நீ ஊசி போட்டு ஆடி ஜெயிச்சவன். நீ சொன்னா கேக்கும்."

"எத்தனை வயசு சார் அதுங்களுக்கு?"

"பதினாறு, பதினேழு. முட்டியெல்லாம் புத்தம் புதுசு."

ஜெர்சியைத் துவைத்தாயா என்று விசாரித்த மனுஷன், முட்டி எப்படி இருக்கிறது என்று இதுவரை கேட்கவில்லை. அது மேஜைக்கு அடியில் வீங்கி உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாகச் சாக்ஸ் தண்ணீருக்கே வராத வாந்தி, குச்சிக்கு இப்போது தொண்டை வரை வந்தது.

"சார், அதுல இருக்கறது என் வேர்வை இல்ல. மச்சினனோட சாக்ஸ்."

மேனேஜர் தன் கையைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். மூக்கை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"பரவால்ல விடு. பெட்டியை மூடிட்டா எவன் மோந்து பாக்கப் போறான்?"

உண்மையைச் சொன்னால் வேலை தானாகவே போய்விடும் என்று நம்பியிருந்தான் குச்சி. போகவில்லை. அவனேதான் அனுப்ப வேண்டியிருந்தது. கவரை மேஜையில் வைத்து அவர் பக்கம் தள்ளினான். அவர் மடியிலிருந்த ஜெர்சியை எடுத்துக்கொண்டான். நீளமான கைக்கு அதில் ஒரு சௌகரியம், எழுந்திருக்க வேண்டியதில்லை.

"பசங்ககிட்ட சொல்றேன் சார். முட்டியைக் காட்டித்தான் சொல்வேன்."

"மேல்தட்டுலயே கிட," என்றார் மேனேஜர். போகும்போது வாசலில் நின்று விரலை இன்னொரு தடவை மோந்து பார்த்துக்கொண்டார்.

குச்சி வாளியில் தண்ணீர் பிடித்து ஜெர்சியைப் போட்டான். குந்த முடியவில்லை. மனைவி அந்த ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

"குடுங்க, நான் துவைக்கறேன்."

"வேணாம். சோப்பை மட்டும் குடு."

"நாளைக்குக் கடைக்குப் போறீங்கதானே?"

"போகாம? பீரோ மேலெல்லாம் ரெண்டு நாள் தூசி."

தண்ணீர் கறுத்தது. கொட்டிவிட்டு வேறு பிடித்தான், அதுவும் கறுத்தது.

"மாமா," என்றான் மச்சினன் கதவருகில் நின்று, கையில் நாலு ஜோடி சாக்ஸோடு. "எப்படியும் கை நனைஞ்சிருச்சு..."

குச்சி வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.