கறுப்பு வெள்ளையில் சாயத் தண்ணீர்

ஹேமலதாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாயத் தண்ணீர் வழக்குக்குப் போட்டோ தாக்கல் செய்கிற வக்கீல், அதைக் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸிலா தாக்கல் செய்வாள்? பச்சைப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாதே!

ஆனால் ஆரணியில் எல்லா வக்கீலும் அப்படித்தான். பத்திரம், பட்டா, பிராது என்று காலமெல்லாம் கறுப்பு வெள்ளையிலேயே பிழைப்பு ஓடுகிறது. கோர்ட்டுக்கு எதிர்க் கடையில் கேஸ் கட்டைக் கொடுத்தால் மூன்று செட் போட்டு, நூல் கோத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கலர் வேண்டுமா என்று அவர்களும் கேட்பதில்லை, வேண்டும் என்று இவர்களும் சொல்வதில்லை. அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் இப்போது நீதிபதியின் மேஜை மேல் சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வழக்கு ரங்கம்மாளுடையது. கூலி வேலை செய்கிறவள். அவள் இருக்கும் ஓடைமேட்டுத் தெருவுக்கு இருப்பதே ஒரே ஒரு கிணறு. ஓடையின் மேல்புறத்தில் தனகோடியின் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிய தண்ணீரை விடியற்காலையில் ஓடையில் திறந்துவிடுவான். கிணற்றுத் தண்ணீர் இப்போதே நாறத் தொடங்கிவிட்டது. தீபாவளிப் புடவைக்காகப் பட்டறை ஓய்வில்லாமல் கொதிக்கிறது. இன்றைக்குத் தடை உத்தரவு வாங்காவிட்டால் தீபாவளிக்குள் அந்தத் தெருவுக்குக் கிணறு என்று ஒன்று இருக்காது. தனகோடியின் வக்கீலோ வாய்தா மேல் வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டுகிறார்.

அந்த வக்கீல் மாணிக்கவேல் சாமானியப்பட்டவர் இல்லை. போன மாதம்தான் இளம் வக்கீல்களை உட்கார வைத்து, கோர்ட்டில் டெக்னாலஜியை எப்படிப் பயன்படுத்துவது என்று வகுப்பு எடுத்தார். “படம் பேசணும், வக்கீல் பேசக் கூடாது” என்று அவர் சொன்னபோது முதலில் கை தட்டியவளே ஹேமலதாதான். இன்றைக்கு அவர் மடிக்கணினியைத் திறந்து வைத்து, கழுவித் துடைத்த தொட்டியும் துளசிச் செடியுமாகத் தனகோடியின் பட்டறையைக் கோயில் மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

“இப்ப அவங்க படத்தைப் பாருங்க ஐயா. ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்காங்க. மழைத்தண்ணி கொஞ்சம் கலங்கலா ஓடுது, அவ்ளோதான். இதுக்கு ஒரு கேஸா?”

நீதிபதி தாளைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். “எனக்கும் நெறம் ஒண்ணும் தெரியலையேம்மா.”

“ஐயோ, செகப்பா கீதுங்க ஐயா! ரத்தமாட்டம் ஓடிகினு கீது!” என்று பின்னாலிருந்து ரங்கம்மாள் கத்தினாள். கோர்ட் சேவகரான டவாலி அவளை அதட்டி அடக்கினார்.

ஹேமலதா எழுந்தாள். “ஐயா, படம் எடுத்த ஃபோனையே கொண்டாந்திருக்கோம். ரங்கம்மாளோட ஃபோன். அதுக்கான சான்றும் மனுவோட இருக்குங்க.”

“ஃபோனை எல்லாம் எப்படிங்க பார்க்கறது?” என்று மாணிக்கவேல் குறுக்கே விழுந்தார்.

“வாட்ஸ்அப்புல சுத்தின படம் வேணாம், எடுத்த ஃபோனையே கொண்டாங்கன்னு வகுப்புல சொன்னதே நீங்கதானே சார்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி கையை நீட்டினார். ரங்கம்மாள் முந்தானையால் துடைத்துக் கொடுத்த ஃபோனில் ஒரு விரிசல் இருந்தது. ஆனால் படம் தெளிவாகத் தெரிந்தது. ஓடை முழுக்கச் சிவப்பு.

அப்பாடா என்று ஹேமலதா மூச்சு விடுவதற்குள் தனகோடி தன் வக்கீலின் காதில் ஏதோ முணுமுணுத்தான். மாணிக்கவேலின் முகம் மலர்ந்துவிட்டது.

“ஐயா, இது ஆயுத பூஜை வாரத்துல எடுத்ததுன்னு அவங்க மனுவுலயே இருக்கு. ஊருல இருக்கிற தறிக்கூடம் அத்தனையும் கழுவி விட்டாங்க. தறிக்கு வெச்ச குங்குமம், வாசல்ல உடைச்ச பூசணிக்காய்க் குங்குமம் எல்லாம் ஓடையிலதான் வந்து விழும். சாமி குங்குமத்தைச் சாயம்னு சொல்லி ஒரு கேஸு! எங்களுக்கு மூணு வாரம் டைம் குடுங்க, விவரமா பதில் மனு போடுறோம்.”

நீதிபதிக்கும் அது நியாயமாகப் பட்டுவிட்டது. குங்குமம் வைக்காத தறி இந்த ஊரில் எங்கே இருக்கிறது? ஃபோனைக் கீழே வைத்தார். அவர் கை வாய்தா டைரியை நோக்கிப் போனது.

ஹேமலதாவின் ஆத்திரம் இப்போது எதிர்த்தரப்பின் மேல் திரும்பியது. அடப்பாவிகளா! ஊர்த் தண்ணீரை நாசம் பண்ணுவதும் பண்ணிவிட்டு, பழியைச் சாமி தலையிலா போடுகிறீர்கள்? வாய் கூசவில்லையா? மூன்று வாரம் கழித்து இவர் விவரமாகப் பதில் போடுவார், அதுவரை அந்தச் சனங்கள் எதைக் குடிப்பார்கள்?

“ஐயா, ஒரே படம்னு சார் சொன்னாரு. ஜெராக்ஸ்ல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது, அது என் தப்புங்க. ஃபோன்ல அடுத்த படத்தைத் தள்ளிப் பாருங்க. அதுக்கு அடுத்ததையும் பாருங்க. எல்லாம் அதே வாரம் எடுத்ததுதான்.”

நீதிபதி தள்ளினார். ஓடை நீலமாக ஓடியது. இன்னொரு தரம் தள்ளினார். கிளிப்பச்சை. பட்டறையில் அன்றன்றைக்கு எந்தப் புடவைக்கு நூல் நனைந்ததோ, அந்த நிறம்.

அவர் ஃபோனை மாணிக்கவேல் பக்கம் திருப்பிக் காட்டினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ரங்கம்மாளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“டேய் தனகோடி! பச்சைக் குங்குமம் எந்தச் சாமிக்குடா வெச்சே?”

டவாலி பதறிப்போய் அவளை வெளியே இழுக்கப் பாய்ந்தார். நீதிபதி கையை உயர்த்தினார்.

“இருப்பா. அந்தம்மா கேட்டதுக்கு அவர் பதில் சொல்லட்டும்.”

தனகோடி தன் வக்கீலைப் பார்த்தான். அவர் மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தார். நீதிபதி வாய்தா டைரியைத் தள்ளி வைத்துவிட்டு, தடை உத்தரவைச் சொல்லத் தொடங்கினார்.