ஆகஸ்டின் கடைசி விருந்தாளி

ஜூலை பிறந்தால் கெர்வெலெக் என்ற கடலோர ஊரில் பாதிப் பேர் வீட்டைவிட்டு வெளியேறிவிடுவார்கள். தூரமாக எங்கும் போவதில்லை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார் ஷெட்டுக்குத்தான். கடல் பார்க்க வந்து வாடகைக்குத் தங்கும் பாரிஸ்காரர்களும் பெல்ஜியக்காரர்களும் நல்ல கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்க, வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் புல் வெட்டும் இயந்திரத்துக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே மடக்குக் கட்டிலை விரித்து இரண்டு மாதத்தை ஓட்டுவார்கள். இதை அந்த ஊரில் யாரும் கஷ்டம் என்று சொல்வதில்லை. கோடைக்காலம் என்றுதான் சொல்வார்கள்.

ரோஸெனுக்கு இந்த வருஷம் அலுத்துவிட்டது. சனிக்கிழமை காலையில் பழைய கூட்டம் கிளம்பும், சாயங்காலம் புதுக் கூட்டம் வந்து இறங்கும். இடைப்பட்ட நேரத்தில் விரிப்புகளை உருவித் துவைத்து, குளியலறையில் அடைத்த மணலை அள்ளி, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பை எடுத்து வைப்பதற்குள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். அறுபதைத் தாண்டியவள் என்பது அவள் கணவன் ஆர்மெலுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆர்மெல் கெட்டவன் இல்லை. குளிர்காலம் முழுக்க வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். மழை பெய்யும், ஜன்னலைப் பார்ப்பான். சூப்பில் உப்பு போதுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவான். ஜூலையில் முதல் கார் வாசலில் வந்து நின்றதும் அதே மனுஷனுக்குப் பேச்சு எங்கிருந்துதான் வருமோ. விருந்தாளிகளுக்கு ஆப்பிள் மது ஊற்றிக் கொடுப்பான், கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப்போவான், கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துக் குட்டித் தீவுக்கு நடத்திக்கொண்டு போவான். வந்தவர்கள் அவன் கதைகளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ரோஸென் அந்தக் கதைகளில் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

அடுத்த வருஷம் வீட்டை யாருக்கும் விடக்கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதை ஆர்மெலிடம் சொல்ல வாய் வரவில்லை. செப்டம்பர் பிறந்துவிட்டால் பழைய விருந்தாளிகள் அடுத்த கோடைக்குக் கேட்கத் தொடங்குவார்கள், அவனும் எல்லாருக்கும் சரி சரி என்றுவிடுவான். அதற்குள் சொல்லியாகவேண்டும். ஆனால் அவனிடமிருந்து கோடையையும் பிடுங்கிவிட்டால் வருஷம் பூராவும் வீட்டில் குளிர்காலமாகிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்டின் கடைசி சனிக்கிழமை, வரவேண்டியவர்கள் வரவில்லை. பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம்.

"அப்போ இன்னைக்கு நம்ம கட்டில்ல படுக்கலாம்," என்றாள் ரோஸென்.

"விரிப்பெல்லாம் புதுசா போட்டாச்சே. யாராவது கேட்டு வந்தா?"

"நாம படுத்தா கட்டில் தேஞ்சா போயிடும்?"

"கடைசி வாரம். ஆள் வரும், பாரேன்."

"நாம ஆள் இல்லையா, ஆர்மெல்?"

அவன் எழுந்து உள்ளே போய், தலையணைகளைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

ரோஸென் ஷெட்டுக்குப் போனாள். கல்யாணங்களுக்குப் போடும் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். பெட்டி ஒன்றில் கைக்கு வந்த துணிகளை அடைத்தாள். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி நடந்து தன் வீட்டின் முன்வாசலுக்கு வந்து மணியை அடித்தாள். கோபத்தில் கிளம்பியவளுக்கு, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று தெரியவில்லை.

கதவைத் திறந்த ஆர்மெல் அவளை மேலும் கீழும் பார்த்தான். "என்னடி இது?"

"வணக்கம் முசியே. இந்த வாரத்துக்கு உங்க வீட்டைக் கேட்டிருந்தேன்," என்றாள், முன்பின் தெரியாத ஐயாவிடம் பேசுவதுபோல.

"உள்ள வா. எதிர் வீட்டுக்காரன் பாக்குறான்."

"பாக்கட்டும். பெட்டி கனக்குது. உங்களைப் பத்தி ஊரெல்லாம் பெருமையா சொன்னாங்க. வந்தவங்க பெட்டியைக்கூட வாங்க மாட்டீங்களா?"

பழக்க தோஷத்தில் அவன் கை நீண்டது. பெட்டி கைக்கு வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது.

"பயணம் எல்லாம் சௌகரியமா இருந்துச்சா, மதாம்?"

"ரொம்பக் களைப்பு. ஆனா சுத்திப் பாக்கணும். என்னென்ன இருக்கு உங்க ஊர்ல?"

அவன் வாசலில் கிடந்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டான். "கடல் உள்ள போயிருக்கு. இப்பவே போனா தீவு வரைக்கும் நடக்கலாம்."

போகும் வழியில் கலங்கரை விளக்கத்தைக் காட்டி, அங்கே காவலுக்கு இருந்தவனின் ஆட்டைப் பற்றிச் சொன்னான். படியேறி உச்சிக்குப் போன ஆடு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து, திரைச்சீலையையெல்லாம் தின்று தீர்த்ததாம். கடைசியில் தபால் மூட்டையில் போட்டுக் கட்டி இறக்கினார்களாம். "இறங்கினதும் தபால்காரரை ஒரு முட்டு முட்டுச்சு பாருங்க, அவரு அப்புறம் இந்தப் பக்கமே வரலை."

ரோஸென் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக இதையெல்லாம் வந்தவன் போனவனுக்கெல்லாம் வாரிக் கொடுத்திருக்கிறான்.

ஈர மணலில் தீவை நோக்கி நடந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரம்மா கூட வரமாட்டாங்களா, முசியே?" என்று கேட்டாள்.

"அவளுக்குக் கடல் பிடிக்காது, மதாம்," என்றான் ஆர்மெல். யோசிக்காமல், ஆட்டுக் கதையைச் சொன்ன அதே குரலில் சொன்னான். கோடைதோறும் சொல்லிப் பழகிய வாய் அது.

ரோஸென் நின்றுவிட்டாள். மீன்பிடிப் படகில் தவழ்ந்து வளர்ந்தவள் அவள்.

"யாரு சொன்னது, எனக்குக் கடல் பிடிக்காதுன்னு?"

"நீதானே. கூப்பிட்டேன், வரலை."

"எப்போ கூப்பிட்டே?"

அவன் நெற்றியைச் சுருக்கினான். "ஒரு சனிக்கிழமை," என்றான். சொன்ன பிறகுதான், அவள் விரிப்பு துவைக்கும் நாள் அது என்பது அவனுக்கே உறைத்தது.

ரோஸெனுக்கு அழுகை வந்தது. கோபமெல்லாம் தீர்ந்து வெறும் களைப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

"நான் ஓய்ஞ்சுட்டேன், ஆர்மெல். அடுத்த வருஷம் என்னால முடியாது. எனக்கு என் வீடு வேணும். நீ பேசத் தெரியாதவன்னு நினைச்சு நானும் இத்தனை நாள் சும்மா இருந்துட்டேன். பேச்செல்லாம் இருந்திருக்கு, எனக்குத்தான் இல்லை."

அவன் பூட்ஸ் நுனியால் மணலைக் கிளறினான். "நீ இந்த ஊருக்காரி. உனக்குத் தெரியாததை என்னத்தைச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

"அந்த ஆட்டை எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன்," என்றான் மெதுவாக.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பாறைகளுக்கு நடுவே தேங்கியிருந்த நீரில் இறங்கினாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. வலித்த கால்களுக்கு இதமாக இருந்தது. இன்றைக்கும் திரும்பிப் போய் ஷெட்டில் படுக்கவேண்டியிருக்குமோ என்று நினைத்தாள்.

அப்போது ஆர்மெலின் போன் அடித்தது.

"ஆமா, அந்த வீடுதான்," என்றான். ரோஸென் திரும்பிப் பார்க்கவில்லை. "இந்த வாரமா? இல்லைங்க, காலி இல்லை. ஆள் வந்தாச்சு."

எதிர்முனை விடவில்லை போலிருக்கிறது. அவன் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தண்ணீரின் ஓரம் வரை வந்தான்.

"எப்போ காலி பண்ணுவீங்கன்னு கேக்குறாங்க, மதாம்."

"பண்றதா இல்லைன்னு சொல்லுங்க," என்றாள் ரோஸென்.

அவன் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றான். போனைக் காதில் வைத்து, அந்த அம்மாள் காலி செய்கிற மாதிரி தெரியவில்லை, அடுத்த வருஷமும் கேட்கவேண்டாம் என்று சொன்னான்.