பூவும் பொட்டுமாகப் போனவர்கள்

"கல்யாணத்துக்கு எட்டு நாள் வெச்சிக்கினு எவளாவது நல்லா இருக்கிற மாரைப் போயி அறுத்துக்குவாளா?" என்று சிவசங்கரன் கூடத்தில் நின்று கத்தினார்.

கல்யாணம் மகன் முரளிக்கு. மார் மகள் ரோஜாவுடையது. நகரியில் பிறந்து, யோகேஷுக்கு வாழ்க்கைப்பட்டு பெங்களூர் போனவள். அங்கே கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். போன வருஷம், முப்பத்திரண்டு வயசில், இடப்பக்கம் புற்றுநோய் வந்து எடுத்தாகிவிட்டது. வலப்பக்கமும் வரக்கூடும், முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்று திருப்பதி டாக்டரம்மா நாளையே வரச் சொல்லியிருந்தார். இந்தத் தேதியை விட்டால் மூன்று மாதம் தள்ளிப்போகும்.

யார் வழி வியாதி என்பதில் முதலில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அம்மா மனோரமா வழிதான். "வெதை நல்ல வெதை, நெலம்தான் சரியில்ல" என்று சிவசங்கரன் ஊரெல்லாம் சொல்லி வைத்தார். மனோரமா ஒரு வருஷமாக நல்லது கெட்டதுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

பிறகு டாக்டரம்மா குடும்பத்தையே கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார்.

"உங்க பக்கம் பொம்பளைங்க யாருக்காச்சும் இந்த மாதிரி இருந்துச்சா?"

"எங்க வம்சத்துல அதெல்லாம் கெடையாது மேடம்" என்றார் சிவசங்கரன். "எங்க வூட்டுப் பொம்பள ஒருத்தி தாலி அறுத்ததில்ல. எல்லாரும் பூவும் பொட்டுமா போன மகராசிங்க."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "யார் யாரு? என்ன வயசுல?"

அவருடைய குலப்பெருமையை யாரும் இத்தனை மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். அம்மா கங்கம்மா, முப்பத்தெட்டு. பெரிய அக்கா மணியம்மா, முப்பத்தைந்து. சின்ன அக்கா பாப்பாத்தி, நாற்பத்தொன்று. மூன்று பேருக்கும் மாரில் ஆறாத புண். "அது நோவு இல்ல மேடம், சாமி குத்தம்."

மூவர் ரத்தத்தையும் சோதித்தபோது, ரோஜாவின் ரத்தத்தில் ஒரு மரபணுக் கோளாறு இருந்தது. அதே கோளாறு அப்பாவின் ரத்தத்திலும் இருந்தது. அம்மாவின் ரத்தம் சுத்தம். இது தகப்பன் வழியாகவும் வரும், பெற்ற பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண்கள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாமலே சுமப்பார்கள் என்று டாக்டரம்மா விளக்கினார். முரளியும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். சிவசங்கரன் அந்தக் காகிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார். மனோரமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்தான் அதிசயம்.

இன்றைக்குப் பூவாடைக்காரி படையல். வீட்டில் சுமங்கலியாகச் செத்த பெண்களுக்குப் புதுப்புடவை வைத்துக் கும்பிட்டால்தான் கல்யாண வேலையே தொடங்கும். உறவுக்காரர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். மூன்று புடவைகள் மஞ்சள் தடவி வரிசையாக இருந்தன. ரோஜா பையோடு வாசலுக்கு வந்தபோதுதான் அந்தக் கத்தல்.

"வந்தா பாத்துக்கலாம்மே" என்று சிவசங்கரன் இப்போது குரலைத் தணித்தார். "அப்பிடியே ஒண்ணு ஆனாலும், புருஷன் கையால கொள்ளி வாங்கினு போறது லேசா? இவங்க மூணு பேரும் எம்மாங் கொடுத்து வெச்சவங்க!"

"அந்தக் கொடுப்பினை எனக்கு வேணாம் நைனா" என்றாள் ரோஜா. "நான் தாலி அறுத்துக்கினு, பல்லு போயி, கெழவியா கெடந்து சாவறேன்."

நல்ல நாளில், படையலுக்கு முன்னால், கட்டின புருஷனை வைத்துக்கொண்டு ஒரு பெண் பேசுகிற பேச்சா இது! எல்லோரும் யோகேஷைப் பார்த்தார்கள். அவன் வாயில் இருந்த வடையை மென்று முடித்தான்.

"அப்ப நான் முன்னாடியே பூடணுமா?"

"ஆமா. எம்பது வயசுல."

யோகேஷ் கொஞ்சம் யோசித்தான். "எம்பதுன்னா செரி" என்று எழுந்து அவள் பையை வாங்கிக்கொண்டான். "கெளம்பு. திருப்பதி பஸ்சு பூடும்."

"அபசகுனம் புடிச்சவளே, வாயைக் கழுவுடி!" என்று சிவசங்கரன் அலறினார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நீ இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? கற்பூரத்த ஏத்து."

மனோரமா தீப்பெட்டியை அவர் கையில் வைத்தாள்.

"மூணு பொடவ வெச்சிருக்கேன், நீங்களே படைச்சிக்குங்க. நாலாவது பொடவ எடுக்க என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மகள் பின்னால் நடந்தாள்.