பராச்சின் மிலுன் கைபட்ட பாய்லர்

எங்கள் ஊரில் எந்த மேஸ்திரியை வீட்டுக்குள் விட்டாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதை யார் உங்களுக்குப் பண்ணிக் குடுத்தது?" குழாயானாலும் கூரையானாலும் கேள்வி மாறாது. பிணத்தைப் பார்க்க வந்த போலீஸ்காரரின் தொனியும் மாறாது. நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து இறங்கிய சாமானைக் காட்டினாலும் கேட்பார்கள். எங்கள் யாகோதினாவில் பல் வைத்தியர்கூட வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, இதையேதான் கேட்கிறார். அங்கே வாய் திறந்திருப்பதால் பதில் சொல்ல முடியாது என்பது ஒரு வசதி.

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி கவ்ரிலோவுக்கு அந்த வசதி கிடைக்காமல் போயிற்று.

கவ்ரிலோ, வண்டி ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரை ஒருமுறையாவது பெயிலாக்கியவர். ஓய்வுக்குப் பிறகு பெயிலாக்க ஆள் கிடைக்காததால் மேஸ்திரிகளைப் பெயிலாக்கத் தொடங்கினார். தன் வீட்டு வாசலை ஒரு மேஸ்திரி தாண்டியதில்லை, தாண்டப்போவதும் இல்லை என்பார். இதை அவர் அதிகமாகச் சொன்னது மனைவி ராதொய்காவின் தம்பி தீகொமிரிடம். தீகொமிர் பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுபவர். அதில் அவருக்கு வெட்கமும் கிடையாது. "ஆம்பளைக்கு ஆண்டவன் ரெண்டு கை குடுத்தான், எம் மச்சானுக்கு மட்டும் ஒரு டெலிபோன் குடுத்துட்டான்" என்று கவ்ரிலோ விருந்துக்கு விருந்து சொல்லுவார். தீகொமிர் சிரித்துக்கொண்டே மீசையைத் துடைத்துக்கொள்வார். என்றாவது ஒரு நாள் வரும் என்று காத்திருக்கும் சிரிப்பு அது.

இலையுதிர் காலத்தில் கவ்ரிலோ தன் குளியலறைப் பாய்லருக்குப் பராமரிப்புச் செய்ய முடிவெடுத்தார். கட்டடம் முழுவதற்கும் அறிவித்துவிட்டு, கட்டடம் முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தினார். சுவரில் தொங்கும் அந்த வெள்ளை உருளையை வடித்து, அடிமூடியைக் கழற்றி, சூடேற்றும் கம்பியில் கல்லாக இறுகியிருந்த சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்துச் சுரண்டினார். அதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே பாதி கரைந்துபோன ஒரு தண்டு இருந்தது. துரு தொட்டியை விட்டுவிட்டுத் தன்னைத் தின்னட்டும் என்று கிடக்கிற மக்னீசியத் தண்டு அது. கரைவதுதான் அதன் உத்தியோகம். கவ்ரிலோ அதை அழுகிப்போன பாகம் என்று தீர்ப்பளித்துக் குப்பையில் போட்டார்.

பிறகு குளிர்ந்த தண்ணீர் வரும் குழாயின் மரையில் கசியாமலிருக்கச் சணல் சுற்ற உட்கார்ந்தார். அந்த வேலையில் ஒரு பிற்பகல் போயிற்று. இழை இழையாகப் பிரித்து, சீவி, மரையின் போக்கிலேயே சுற்றி, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடி சுற்றினார். நம் மகளுக்கு ஒரு நாளாவது இப்படிப் பின்னல் போட்டுவிட்டதுண்டா என்று ராதொய்கா கேட்டதற்கு, அது வேறு வேலை என்றார்.

எல்லாவற்றையும் மாட்டிச் சூடேற்றியபோது, பாய்லருக்கு அடியிலிருக்கும் பாதுகாப்பு வால்வு சொட்டியது. தண்ணீர் சூடானால் விரியும். விரிந்தது வெளியே போக நாலு சொட்டு விடத்தான் அந்த வால்வையே வைத்திருக்கிறார்கள். கவ்ரிலோவின் கண்ணுக்கோ அது தன் வேலையின் மேல் விழும் எச்சில். முறுக்கிப் பார்த்தார், சொட்டியது. முறைத்துப் பார்த்தார், அப்போதும் சொட்டியது. கடைசியில் பிளம் சாராயப் புட்டியின் தக்கையைச் சீவி வால்வின் மூக்கில் அடித்து இறக்கினார். நின்றது. மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். எங்கள் பக்கத்தில் யார் குளிக்கக் கிளம்பினாலும் வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் "பாய்லரை அணைச்சாச்சா?" என்று கேட்பது வழக்கம். அணைக்காமல் தண்ணீருக்குக் கீழே நிற்பவன் பிழைக்கமாட்டான் என்பது நம்பிக்கை. இனி இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கே அவசியமில்லை, அவ்வளவு பாதுகாப்பு என்றார் கவ்ரிலோ. ராதொய்கா அன்றைக்கு அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் குளித்தாள்.

மூக்கை அடைத்தால் மூச்சு வேறு வழி தேடும். உள்ளேயிருந்த அழுத்தம் அடிமூடியின் ரப்பர் வாஷரைத் தள்ளிக்கொண்டு கசிந்து, மின்கம்பிகளின் முனையில் இறங்கியது. டிசம்பர் வந்தது. புனித நிக்கோலாவின் நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது பாய்லரின் சுவிட்சைப் போட்டால் வீடு முழுவதும் இருட்டானது. அந்தப் புனிதர் அவர்கள் வீட்டின் குலப்புனிதர். அவர் நாளுக்கு யாரையும் அழைப்பதும் கிடையாது, வந்தவரை அனுப்புவதும் கிடையாது. இறைச்சி கூடாத விரதக் காலமாதலால் வீடு நிறைய மீன் வறுப்பார்கள். பிறகு அந்தச் சட்டிகளைக் கழுவ வேண்டும்.

ராதொய்கா சத்தம் போடவில்லை. "இந்தா பாரு கவ்ரிலோ, பச்சத் தண்ணில மீன் சட்டி கழுவ என்னால முடியாது. ஒண்ணு மேஸ்திரி வரணும். இல்ல, சட்டியெல்லாம் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவுவேன். ஏன்க்கான்னு அவன் கேப்பான். நான் பொய் சொல்றதில்ல, உனக்கே தெரியும்."

கவ்ரிலோவுக்கு வியர்த்தது. பாய்லர் போனால் வேறு வாங்கலாம். தக்கை விஷயம் தீகொமிர் காதில் விழுந்தால், சாகும்வரை ஒவ்வொரு விருந்திலும் அது பரிமாறப்படும். போதாக்குறைக்கு அந்த வாரம் கிடைத்த ஒரே மேஸ்திரி விதோயே. தீகொமிர் வீட்டுக்கு வாடிக்கையாகப் போகிறவர். காலையில் அவர் கண்ணில் படுவது சாயங்காலம் தீகொமிர் காதில் இருக்கும்.

விதோயே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் நின்றார். பெட்டியைத் திறக்கவில்லை, பாய்லரைத் தொடவுமில்லை. பெருமூச்சு விட்டார்.

"இதை யார் உங்களுக்குப் பண்ணிக் குடுத்தது?"

ஊர் முழுக்கக் கேட்கும் கேள்வி. அதற்குக் கவ்ரிலோ பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். "மிலுன்னு ஒருத்தன்" என்றார். பிறகு, பக்கத்து ஊராக இருந்தால் நல்லது என்று தோன்றி, "பராச்சின்காரன்" என்று சேர்த்துக்கொண்டார். கெட்ட மேஸ்திரியாக இருப்பதைவிடக் கெட்ட மேஸ்திரியிடம் ஏமாந்தது குறைந்த அவமானம் என்று அந்தக் கணத்தில் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

தொழிலில் தனக்குத் தெரியாத ஆள் ஒருவன் இருக்கிறான் என்று விதோயே எப்படி ஒப்புக்கொள்வார்? "மிலுனா?" என்று தலையை ஆட்டினார். "நெட்டையா இருப்பானே, அவன்தானே?"

கவ்ரிலோ நெட்டை என்றார். கொஞ்சம் கூனல் என்றார் விதோயே. லேசாக, என்றார் கவ்ரிலோ. இப்படி ஆளுக்கொரு அங்கமாகப் போட்டு, அடிமூடி கழன்று வருவதற்குள் மிலுனுக்குத் தலைமுடியும், ஓடிப்போன மனைவியும், பழைய நீல வேனும் வந்துவிட்டன. சமையலறையிலிருந்து ராதொய்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தக்கை அகப்பட்டது. விதோயே அதைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிளம் சாராயம் என்றார். குடிகாரன்தான், கையில் எப்போதும் புட்டி இருக்கும் என்றார் கவ்ரிலோ. அந்த நேரம் பார்த்து ராதொய்கா, மேஸ்திரிக்கு வழக்கப்படி ஊற்ற வேண்டிய சாராயத்தைக் கொண்டுவந்து வைத்தாள். புட்டியின் வாயில் தக்கைக்குப் பதில் சுருட்டிய செய்தித்தாள் இருந்தது. விதோயே புட்டியைப் பார்த்தார், கையிலிருந்த தக்கையைப் பார்த்தார், கவ்ரிலோவைப் பார்த்தார். ஆனால் மிலுனின் மனைவி எந்த ஊர்க்காரனோடு ஓடினாள் என்பதுவரை சொல்லிவிட்டவர் இனி எங்கே திரும்புவது?

"உங்க வீட்டுப் புட்டியிலேருந்தே உருவியிருக்கான்" என்றார் நிதானமாக. "திருட்டுப் பய."

"திருட்டுப் பயதான்" என்றார் கவ்ரிலோ.

புது வாஷர், புது வால்வு, புது மக்னீசியத் தண்டு எல்லாம் போட்டு, வால்வுக்கு அடியில் ஒரு டப்பாவை வைத்தார் விதோயே. சொட்டினால் கும்பிடுங்கள், சொட்டாவிட்டால் பயப்படுங்கள் என்றார். பழைய சணல் சுற்றின் மேல் மட்டும் அவர் கட்டைவிரல் ஒருமுறை ஓடி நின்றது. ஒரு பாராட்டு வருமா என்று கவ்ரிலோ காத்திருந்தார். விதோயே பெட்டியை மூடினார். கிளம்பும்போது ராதொய்கா, நிக்கோலா நாளில் வீடு திறந்திருக்கும் என்று மேஸ்திரிக்கு நினைவூட்டினாள். கவ்ரிலோ அவளை முறைத்ததை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் நடந்துகொண்டாள்.

நிக்கோலா நாளில் மெழுகுவர்த்தி எரிந்தது. புனிதருக்குப் படைத்த அவித்த கோதுமையை ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தோம். இரண்டாம் மாடியிலிருந்து நாங்கள், நான்காம் மாடியிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஸ்லாவோல்யுப், நடுவில் தீகொமிர், மேசையின் ஓரத்தில் தலையைப் படிய வாரிக்கொண்டு விதோயே. மீன் வந்தது. மீனுக்குப் பின்னால் மிலுன் வந்தான்.

தீகொமிர்தான் ஆரம்பித்தார். அத்தான் வீட்டு வாசலைப் பராச்சின் மேஸ்திரி தாண்டியிருக்கிறானாமே என்றார். தான் மீன் பிடிக்கப் போயிருந்தபோது ராதொய்கா கூப்பிட்டுவிட்டாள் என்றார் கவ்ரிலோ. எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"ஆமா, நான்தான்" என்றாள் அவள், ரொட்டியை வெட்டிக்கொண்டே. "நல்ல மனுஷன். வேலை முடிஞ்சதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. பெருமை தாங்கல அவருக்கு."

விதோயே தக்கைக் கதையைச் சொன்னார். மேசை குலுங்கியது. ஸ்லாவோல்யுப், அந்த நீல வேனைத் தெரியும், தன் குளியலறை ஓடு பெயர்ந்தது அவனால்தான் என்றார். தீகொமிர், தான்கூட ஒருமுறை அவனைக் கூப்பிட இருந்ததாகவும், அலுவலகத்தில் ஒருவர் எச்சரித்ததால் தப்பியதாகவும் சொன்னார். கழுதை, கைகெட்டவன், ஆளைக் கொல்லப் பார்த்தவன் என்று ஆளுக்கொன்றாகப் போட்டோம். கவ்ரிலோ தலை நிமிராமல் முள்ளெடுத்துத் தின்றார். நடுநடுவே அவரும் ஒரு வசவு சேர்த்தார். அவர் பக்கம் காற்று நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் பலகாரம் வந்திருக்கும்.

விதோயேவுக்கு இரண்டாவது கிண்ணம் போனதும் தாராள மனம் வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றார். "அந்தச் சணல் சுத்தியிருந்தான் பாருங்க, அது மட்டும் வேலை. ஒரு இழை பிசகல. இந்த ஊர்ல அப்படிச் சுத்த ஆள் கிடையாது. எங்கிட்டக் கத்துக்கிட்டான், அதான்."

கவ்ரிலோவின் முள்கரண்டி தட்டில் இறங்கியது. "யாருகிட்ட?"

"எங்கிட்டத்தான். நான் சொல்லிக் குடுத்தது."

ராதொய்கா மேசைக்கு அடியில் கணவரின் காலை மிதித்தாளாம். அது அவளே பிற்பாடு சொன்னது. பலனில்லை. திருடன் என்றதைப் பொறுத்தவர், குடிகாரன் என்றதற்குத் தலையாட்டியவர், இதைப் பொறுக்கவில்லை.

"நீயா? நீ சொல்லிக் குடுத்தியா? அந்தப் புது வால்வுக்கு நீ சுத்தினத நான் பாத்தேனே, கோழி கெளறின வைக்கோல் மாதிரி. அது நான் சுத்தினதுய்யா. பிரிச்சுப் பிரிச்சு, ஒரு மத்தியானம் பூரா உக்காந்து நான் சுத்தினது."



தீகொமிர் மீசையைத் துடைத்தார். எத்தனையோ விருந்துகளாகக் காத்திருந்த நாள் அது. சொல்ல வேண்டியவை அவர் உதட்டுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது எங்களுக்கே தெரிந்தது. வாயைத் திறந்தார். அப்போதுதான் அலுவலகத்தில் தன்னை எச்சரித்த அந்த நண்பர் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாயை மூடினார். ஸ்லாவோல்யுப் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். மிலுனின் மனைவியையே ஓடவைத்த விதோயே மீன் முள்ளை எண்ணிக்கொண்டிருந்தார். மிலுனைத் தெரியாதவர் அந்த மேசையில் ஒருவரும் இல்லை. அதனால் சிரிக்கும் உரிமையும் ஒருவருக்கும் இல்லை.

ராதொய்காவுக்கு மட்டும் இருந்தது. அவள் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் சிரித்தாள்.

முகம் சிவந்து உட்கார்ந்திருந்த கவ்ரிலோவுக்குத் தீகொமிர் ஒரு கிண்ணம் ஊற்றினார். தனக்கும் ஊற்றிக்கொண்டார்.

"அத்தான்" என்றார். "எங்க வீட்டுச் சமையல்கட்டுக் குழாய், மரையில கசியுது. இவரு ரெண்டு தடவ பாத்துட்டாரு, நிக்கல." விதோயே நிமிரவில்லை. "மிலுனுக்கு எப்ப ஒழியும்?"

தேர்வுக்கு வந்தவனைத் தெரு முழுக்க ஓட்டவைத்துவிட்டு, பாஸா பெயிலா என்று சொல்வதற்கு முன் பார்ப்பாரே, அந்தப் பார்வை பார்த்தார் கவ்ரிலோ. மைத்துனர் முகத்தில் கேலி தேடினார். இருந்தது, கொஞ்சமாக. பொறுத்துக்கொள்ளும் அளவு.

"வியாழக்கிழமை வருவான்" என்றார். கிண்ணத்தை எடுத்தவர், குடிப்பதற்கு முன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சணல் மட்டும்தான் சுத்துவான். வேற எதையும் அவன் கையில குடுத்துடாத."