எல்லார் முன்னாடியும்

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எப்பேர்ப்பட்ட அழுகுணிப் பிள்ளை வந்தாலும் பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைத்து, அது சிரித்து முடிப்பதற்குள் ரத்தத்தை எடுத்துப் பஞ்சையும் ஒட்டிவிடுவாள். "பிள்ளைங்க மனசு எனக்கு அத்துப்படி" என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் அவள் வீட்டில் பிள்ளைகள் இரண்டல்ல, மூன்று. எட்டு வயதுப் பெரியவள், ஐந்தைத் தொடப்போகும் சின்னவன், மூன்றாவதாக மாடிவீட்டுக் கிளி. கிளிக்கு ஏழு வயது. வாய் ஓயாததால் வந்த பெயர். அவளுடைய அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஐந்து நாள் சாலையில் இருப்பார். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை, சாயங்காலம்தான் வருவாள். காலையில் கிளியை இங்கே விட்டுவிட்டுப் போகும்போது ஒரு டப்பா நிறையப் பழம் நறுக்கிக் கொடுத்துவிடுவாள். "வேணாம்மா, எதுக்கு?" என்று ஊசி அக்கா தினமும் சொல்வாள். தினமும் வாங்கி உள்ளே வைப்பாள்.

ஊசி அக்காவுக்குப் பகல் பன்னிரண்டுக்கு வேலை முடியும். அதுவரை பிள்ளைகளைக் கணவன் பார்த்துக்கொள்வான். அவள் தலை தெரிந்ததும் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு மின்சார வேலைக்குக் கிளம்பிவிடுவான். அதன்பிறகு வீடு அவளுடைய ராஜ்ஜியம். மூன்று தட்டு வைப்பாள். மூவரும் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். கிளி சோற்றை வாயில் அதக்கிக்கொண்டே கதை சொல்வாள். "முழுங்கிட்டுப் பேசுடி!" என்று இவள் கத்துவாள். யாரும் யாரையும் வேற்றாளாக நினைக்கவில்லை.

சின்னவனின் ஐந்தாவது பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேக்கைக் கடையில் வாங்கிவிடலாம் என்றான் கணவன். ஊசி அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. காலையிலேயே மூன்று பிள்ளைகளையும் சமையலறையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்தாள். பெரியவள் மாவு சலித்தாள். கிளி முட்டை அடித்தாள். சின்னவன் சர்க்கரையை அளந்து போட்டான், பாதி கிண்ணத்துக்கும் பாதி வாய்க்கும். மூன்று மணிக்குக் கேக் ஆறியது. மேலே மஞ்சள் கிரீம் தடவி, வண்ண மிட்டாய்களால் ஐந்து என்ற எண்ணைப் பதித்து, படுக்கையறை மேசையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். "யாராவது உள்ள போனீங்க, தோல உரிச்சிடுவேன்" என்றாள்.

ஐந்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கணவனின் அக்கா, கீழ்வீட்டு டீச்சர், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர். டீச்சர்தான் கிளிக்கு வகுப்பாசிரியை. வெக்கை தாளாமல் எல்லோரும் விசிறிக்கு அடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஊசி அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. காலையிலிருந்து உட்காரவில்லை. நாத்தனார் வேறு வந்ததும் வராததுமாக, "எலுமிச்சை ஜூஸ்ல சர்க்கரை தூக்கலா இருக்கே" என்று சொல்லியிருந்தாள்.

கேக்கை எடுத்துவரப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள். கேக்கின் ஒரு பக்கம் குழியாகத் தோண்டப்பட்டிருந்தது. மேசையருகே கிளி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஸ்பூன். விரலெல்லாம் மஞ்சள் கிரீம்.

ஊசி அக்கா வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டாள். கிளியின் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்து, "பாருங்க! காலைலேர்ந்து நான் செத்து சுண்ணாம்பாயிட்டு இருக்கேன், இது என்ன பண்ணி வச்சிருக்கு பாருங்க" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஏண்டி, உங்க வீட்ல உனக்குச் சோறே போடறதில்லையா? திருடித் திங்கிற புத்தி எங்கேர்ந்து வந்துச்சு?"

சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தினால், வாசலில் கிளியின் அம்மா. தலைவாரிப் பூப்போட்ட சேலை உடுத்தி, கையில் பளபளக்கும் தாள் சுற்றிய பரிசோடு, ஒரு செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நின்றாள். அவள் பரிசைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்தாள். உள்ளே வராமலேயே கையை நீட்டினாள். கிளி போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரும் மாடியேறிப் போய்விட்டார்கள்.

"எல்லாரையும் வீட்டுக்குள்ள விட்டா இப்படித்தான்" என்றாள் நாத்தனார்.

குழியைக் கிரீமால் மூடி, கேக்கைக் கூடத்தில் வைத்தார்கள். மெழுகுவத்தி ஏற்றி, கைதட்டி வாழ்த்தினார்கள். சின்னவனின் கையைப் பிடித்துக் கத்தியை வைக்க ஊசி அக்கா குனிந்தாள். அவன் அவள் காதோடு சொன்னான்.

"அந்தப் பக்கம் வெட்டாதம்மா. அத நான் ஏற்கனவே தின்னுட்டேன். கிளி சரி பண்ணித் தரேன்னு சொன்னா."

ஊசி அக்காவின் கை அப்படியே நின்றது. எதிரே எல்லோரும் சிரித்த முகமாகக் காத்திருந்தார்கள். கணவன் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்லிவிடலாம். "ஒரு நிமிஷம் இருங்க, தப்பு பண்ணிட்டேன்" என்றால் போதும். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள், டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தியை இந்தப் பக்கம் திருப்பி வெட்டினாள். படத்துக்குச் சிரிக்கவும் செய்தாள்.

விருந்தினர் போனதும் சமையலறையில் பெரியவள் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கும் தெரியும்மா. தம்பிக்கு இன்னைக்கு அடி விழக்கூடாதுன்னு அவதான் ஸ்பூன் எடுத்துட்டுப் போனா. நீங்க கத்தினதும் எனக்கு வாயே வரல."

"சரி, இந்தத் துண்டக் கொண்டு போய்க் குடுத்துட்டு, அம்மா சாரி சொன்னாங்கன்னு சொல்லு."

"நான் போமாட்டேன். நீங்க போங்க."

எட்டு வயதுப் பெண் அப்படிச் சொன்னதும் அவள் குன்றிப்போனாள். தட்டை எடுத்துக்கொண்டு தானே மாடியேறினாள். பாதிப் படியில் நின்றாள். கேக்கைக் கொண்டுபோயா நிற்பது? அந்தக் கேக்கையா? மேலே கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. கிளி இருக்கும் வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. இறங்கி வந்துவிட்டாள். "தூங்கிட்டாங்க போல" என்று கணவனிடம் பொய் சொன்னாள். வெளியே இன்னும் வெளிச்சம் போகவில்லை.

மறுநாள் கிளி வரவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அழாமல், பேசாமல் கையை நீட்டினாள். ஊசி அக்காவுக்கு வழக்கமான பேச்சு எதுவும் வரவில்லை. நரம்பைத் தேடி இரண்டு தடவை குத்தும்படி ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் போகாமல் நேரே மாடியேறினாள்.

கதவைத் திறந்தது கிளியின் அம்மா. வேலைக்குப் போகவில்லை.

"கிளி எடுக்கல. என் பையன்தான். நான்தான் கண்ணு தெரியாம வாயில வந்தத..." என்று ஆரம்பித்தாள் ஊசி அக்கா.

கிளியின் அம்மா கோபப்படவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அவ எடுக்கலைன்னுதான் சொன்னாக்கா. படியேறும்போதே சொன்னா. நான் நம்பல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். படியிலயே வச்சு ரெண்டு சாத்து சாத்திட்டேன்." நிலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "இதுவரைக்கும் அவ மேல கை வச்சதில்லக்கா."

தன் வார்த்தை இந்த வீட்டுக்குள் வந்து இதையும் செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று ஊசி அக்கா நினைத்தே பார்க்கவில்லை.

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."

கிளி உள்ளே ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஊசி அக்கா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை தப்பு பண்ணிட்டேன்டா. நீ திருடல. எனக்குத் தெரியும். மன்னிச்சிடுறியா?"

"எப்பத் தெரியும்?" என்றாள் கிளி, பென்சிலை நிறுத்தாமல்.

பொய் சொல்ல வாய் எழுந்தது. அடக்கிக்கொண்டாள். "கேக் வெட்டும்போதே தெரியும்."

இப்போது கிளி திரும்பினாள். "அப்பவே சொல்லலையா?"

"சொல்லல."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு."

கிளி பென்சிலைக் கீழே வைத்தாள். "எங்க டீச்சர் இருந்தாங்க. எல்லார் முன்னாடியும் திட்டினீங்கள்ல, எல்லார் முன்னாடியும் சொல்லணும். நானும் வருவேன்."

"போதும்டி, பெரியவங்ககிட்ட..." என்று அவளுடைய அம்மா குறுக்கிட்டாள்.

"இல்லம்மா, அவ கேக்கறது நியாயம்" என்று ஊசி அக்கா எழுந்துகொண்டாள்.

முதலில் டீச்சர் வீடு. கிளி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஊசி அக்கா நடந்ததைச் சொன்னாள், கேக் வெட்டும்போது தெரிந்தும் சொல்லாததையும் சேர்த்து. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் ஒரு வார்த்தை கேக்காம உக்காந்திருந்தேனே" என்று கிளியைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்தது தபால்காரர். அவருக்குக் காது மந்தம். "என்னது? யாரு தின்னது?" என்றார். "என் பையன்! நான் கிளி மேல வீண்பழி போட்டுட்டேன்!" என்று அவள் கத்தவேண்டியிருந்தது. படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மேல்மாடிக் கதவுகள் இரண்டு திறந்து மூடின. "பழமா? எந்தப் பழம்?" என்றார் அவர். மறுபடியும் கத்தினாள். முகம் தீயாய் எரிந்தது. கிளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றாள்.

நாத்தனார் வேறு ஊர். செல்போனில் கூப்பிட்டு, கிளிக்கும் கேட்கும்படி வைத்துச் சொன்னாள்.

"இதுக்குப் போயா போன் பண்ண? சின்னப் புள்ள, ரெண்டு நாள்ல மறந்துடும்" என்றாள் நாத்தனார்.

"மறக்காதுண்ணி. பக்கத்துலதான் நிக்குது."

"நானும் ஒண்ணு சொன்னேன்ல" என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது. "அத மனசுல வச்சுக்காதம்மா கண்ணு."

"சரி" என்றாள் கிளி. பிறகு ஊசி அக்காவைப் பார்த்து, "அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வந்தவளிடம், சின்னவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கட்டுமா என்று கணவன் கேட்டான். "அவன் எங்கிட்ட உடனே உண்மையச் சொன்னான். நான்தான் சொல்லல" என்றாள்.

நான்காம் நாள் கிளி விளையாட வந்தாள். பெரியவளும் சின்னவனும் அவளை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் பழைய வாய் திரும்பிவிட்டது. சலவைக்கூடத்தில் கேட்டு அவளுடைய அம்மா நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். பகலில் அரை மணி நேரம் வீட்டுக்கு வந்து கிளிக்குச் சோறு போட்டுவிட்டுப் போக முடியும் என்றாள். சரியாகப் பன்னிரண்டரைக்குக் கிளி பாதி விளையாட்டில் எழுந்து மாடிக்கு ஓடினாள்.

ஊசி அக்கா அடுக்கிலிருந்து தட்டுகளை எடுத்தாள். கைப்பழக்கத்தில் மூன்று வந்தன. மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்க வாயெடுத்தாள். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று இருந்தது. ஒரு தட்டைத் திரும்ப வைத்துவிட்டு, மற்ற இரண்டிலும் சோற்றைப் போட்டாள்.